டிக்கெட்டில் ஒரு பெயர், விமானத்தில் இன்னொரு பெயர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் விமான டிக்கெட்டும் பயணக் காப்புறுதியும் எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறு கடையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும், தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு எழுந்த தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது திருச்சியும் சென்னையும்தான். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், கல்யாணப் புடவை, தாத்தா பிறந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்று காரணங்கள் பல. இப்போது பிள்ளைகளே கைத்தொலைபேசியில் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பெற்றோர் அதை அச்செடுக்க மட்டும் என்னிடம் வருகிறார்கள். அப்படி வந்த ஓர் அம்மா தாளை வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, "தம்பி, மேல ஒரு கம்பெனி பேரு இருக்கு, கீழ பொடி எழுத்துல வேற பேரு இருக்கே, நான் எந்தப் பிளேன்ல ஏறணும்?" என்று கேட்டார். என்னிடம் டிக்கெட் வாங்கியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. அன்று கடையில் கூட்டமாக இருந்ததால் அவருக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நமக்குப் பழகிய ஒன்றிலிருந்து தொடங்கலாம். விடிவதற்கு முன்பே தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும் தொழிற்சாலைப் பஸ்ஸின் முன்கண்ணாடியில் தொழிற்சாலையின் பெயர்ப்பலகை இருக்கும். ஆனால் பல இடங்களில் அந்தப் பஸ் தொழிற்சாலையுடையது அன்று, ஒரு குத்தகைக்காரருடையது. ஓட்டுநரை வேலைக்கு அமர்த்தியவர், அவர் போதுமான அளவு ஓய்வெடுத்தாரா என்று பார்க்க வேண்டியவர், தேய்ந்த டயரை மாற்ற வேண்டியவர், வண்டியைப் புஸ்பாகோம் வாகனத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியவர் எல்லாம் அந்தக் குத்தகைக்காரரே. பலகையில் உள்ள பெயரை நம்பி நாம் ஏறுகிறோம். நம் உயிருக்குப் பொறுப்பானவரோ பலகையில் இல்லை.

இந்தப் பிரிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் பேராக் மாநிலம் அண்மையில்தான் பட்டு அறிந்தது. 2025 ஜூன் 9 ஆம் நாள் அதிகாலையில் கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு வாடகைப் பஸ் கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். உரிமம் பெற்றிருந்தது ஒரு நிறுவனம், பஸ்ஸை நடத்தியது வேறொரு நிறுவனம் என்பது விசாரணையில் தெரிய வந்தது. பஸ் தொழிலில் அப்படி உரிமத்தைக் கைமாற்றி விடுவது குற்றம். விமானத் துறையில், ஒரு நிறுவனம் தன் பெயரில் விற்ற பயணத்தை இன்னொரு நிறுவனம் பறந்து கொடுப்பது உலகெங்கும் சட்டப்படி நடக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நேர்மையானதாக வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: பறப்பவர் யார் என்பது அதிகாரிகளுக்கும் பயணிக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு விமானப் பயணத்தின் பின்னால் மூன்று வெவ்வேறு பெயர்கள் இருக்கக்கூடும். முதலாவது, பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தவர். அது என்னைப் போன்ற முகவராகவோ ஓர் இணையத்தளமாகவோ இருக்கலாம். இரண்டாவது, டிக்கெட்டின் தலைப்பில் பெரிதாக அச்சாகியிருக்கும் விமான நிறுவனம். மூன்றாவது, விமானிகளையும் பணிப்பெண்களையும் அனுப்பி, விமானத்தைப் பழுதுபார்த்து, எரிபொருள் எவ்வளவு ஏற்றுவது, வானிலை மோசமானால் எங்கே இறங்குவது என்றெல்லாம் முடிவெடுக்கும் நிறுவனம். இந்த மூன்றாவதைத்தான் இயக்கும் நிறுவனம் என்கிறோம். பெரும்பாலான பயணங்களில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே இருப்பதால், அவை வேறுபடும்போதும் நாம் கவனிப்பதில்லை.

இயக்கும் நிறுவனத்தை அடையாளம் காட்டுவது, அது பெற்றிருக்கும் விமான இயக்குநர் சான்றிதழ். துறையில் உள்ளவர்கள் அதைச் சுருக்கமாக ஏஓசி என்பார்கள். 1944 டிசம்பர் 7 இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 6 ஆம் இணைப்பு, பயணிகளை ஏற்றிச் செல்லும் எந்த நிறுவனமும் தன் நாட்டின் விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடம் இந்தச் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. மலேசியாவில் அதைக் கொடுப்பது சிஏஏஎம் எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், இந்தியாவில் டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். வணிகம் செய்ய வேறு உரிமங்கள் இருந்தாலும், ஏஓசி இல்லாத நிறுவனம் ஒரு பயணியைக்கூட ஏற்ற முடியாது. ராயானி ஏர் நிறுவனத்தின் சான்றிதழை அன்றைய விமானப் போக்குவரத்துத் துறை 2016 ஜூனில் ரத்து செய்தபோது அந்த நிறுவனத்தின் கதை அதோடு முடிந்தது. ஆகவே, "என் விமானத்தை இயக்குவது யார்?" என்று கேட்பதும் "யாருடைய ஏஓசியின் கீழ் நான் பறக்கிறேன்?" என்று கேட்பதும் ஒன்றே. எந்த நாட்டு அதிகாரிகள் அந்த விமானிகளின் பயிற்சியையும் ஓய்வு நேரத்தையும் பழுதுபார்ப்பு ஏடுகளையும் சோதிக்கிறார்கள் என்பது அதற்குக் கிடைக்கும் பதிலில் அடங்கியிருக்கிறது.

பெயர்கள் வேறுபடுவதற்குப் பொதுவான காரணம் கோட்ஷேர், அதாவது குறியீட்டுப் பகிர்வு. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் இரண்டு எழுத்துக் குறியீடு உண்டு. மலேசியா ஏர்லைன்ஸுக்கு எம்எச், ஸ்ரீலங்கனுக்கு யூஎல், இண்டிகோவுக்கு 6ஈ என்பன போல. ஒரு நிறுவனம் பறக்கும் விமானத்தில் இன்னொரு நிறுவனம் தன் குறியீட்டையும் ஓர் எண்ணையும் வைத்து இருக்கைகளை விற்பதே கோட்ஷேர். ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு ஸ்கூட் நிறுவனத்தைத் தெரியும். அதன் குறியீடு டிஆர். ஸ்கூட் பறக்கும் பல தடங்களில் அதன் தாய் நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் எஸ்கியூ குறியீட்டிலும் டிக்கெட் விற்கிறது. ஒரே விமானம், ஒரே இருக்கை வரிசை. உங்கள் டிக்கெட்டில் எஸ்கியூ, பக்கத்தில் இருப்பவர் டிக்கெட்டில் டிஆர். இயக்குவது ஸ்கூட்.

இதில் தவறேதும் இல்லை. சொந்த விமானம் போகாத ஊர்களுக்கும் ஒரே டிக்கெட்டில் பயணியை அனுப்பி வைக்க ஒரு நிறுவனத்துக்குக் கோட்ஷேர் ஒரு வழி. இடையில் ஒரு விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பும் அந்த ஒரே டிக்கெட்டால்தான் வருகிறது. கோட்ஷேர் என்றாலே ஆபத்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அது எவ்வளவு பரவலான ஏற்பாடு என்பதை மலேசியர்களாகிய நாம் மறக்க முடியாத இரண்டு விமானங்களே காட்டும். 2014 மார்ச் 8 இல் 239 பேருடன் காணாமற்போன எம்எச்370, சைனா சதர்ன் நிறுவனத்தின் சிஇசட்748 என்ற எண்ணையும் தாங்கியிருந்தது. அதே ஆண்டு ஜூலை 17 இல் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 உயிர்களைப் பலிகொண்ட எம்எச்17, கேஎல்எம் நிறுவனத்தின் கேஎல்4103 ஆகவும் விற்கப்பட்டிருந்தது. அந்த இரண்டாவது எண்ணை மட்டும் அறிந்திருந்த ஒரு குடும்பம் செய்தியில் எம்எச் என்று கேட்கும்போது, அது தங்கள் பிள்ளை போன விமானமா என்று உடனே புரிந்துகொள்ள முடியாது. வழியனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவர்களும் இயக்கும் நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கோட்ஷேரைவிட எளிதில் கண்ணை ஏமாற்றுவது ஒரே பெயரில் இயங்கும் பல நிறுவனங்கள். ஏர் ஏசியாவின் சிவப்பு விமானம் எங்கே நின்றாலும் அது நம் நாட்டு நிறுவனம் என்றே நினைக்கிறோம். உண்மையில் மலேசியாவின் ஏகே, தாய்லாந்தின் எஃப்டி, இந்தோனேசியாவின் கியூஇசட் ஆகியவை தனித்தனி நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நாடு கொடுத்த தனித்தனி ஏஓசி உண்டு. பாத்திக் ஏர் என்ற பெயரிலும் மலேசியாவில் ஓடி என்ற குறியீட்டோடு ஒரு நிறுவனமும் இந்தோனேசியாவில் ஐடி என்ற குறியீட்டோடு ஒரு நிறுவனமும் இருக்கின்றன. 2014 டிசம்பர் 28 இல் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டு 162 பேருடன் கடலில் விழுந்த கியூஇசட்8501 இந்தோனேசிய நிறுவனத்தின் விமானம். அதை மேற்பார்வையிட்டவர்களும் விசாரித்தவர்களும் இந்தோனேசிய அதிகாரிகள். வாலில் தெரிந்த பெயரோ நமக்குப் பழகிய பெயர். பெயர் ஒன்றாக இருப்பதால் பாதுகாப்பு கூடுகிறது அல்லது குறைகிறது என்று சொல்ல வரவில்லை. யார் பொறுப்பு என்பதை வண்ணத்தையும் எழுத்தையும் வைத்து முடிவுகட்ட முடியாது.

ஜன்னல் வழியே விமானம் பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் ஒரு வழி சொல்லிக் கொடுப்பதுண்டு. ஒவ்வொரு விமானத்தின் பின்புற உடலிலும் அதன் பதிவு எண் எழுதப்பட்டிருக்கும், கார் எண் பலகையைப் போல. 9எம் என்று தொடங்கினால் மலேசியா, 9வி என்றால் சிங்கப்பூர், விடி என்றால் இந்தியா, பிகே என்றால் இந்தோனேசியா, எச்எஸ் என்றால் தாய்லாந்து, 4ஆர் என்றால் இலங்கை. விமானம் எந்த நாட்டில் பதிவானது என்பதைத்தான் அது சொல்லும். இயக்குபவர் யார் என்பதற்கு அது ஒரு தடயம் மட்டுமே.

மூன்றாவது ஏற்பாடு வெட் லீஸ். ஒரு நிறுவனத்திடம் விமானம் பற்றாக்குறையாகும்போது, இன்னொரு நிறுவனத்திடமிருந்து விமானம், விமானிகள், பணியாளர்கள், பழுதுபார்ப்பு, காப்புறுதி எல்லாவற்றையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பது அது. லாரியை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் விமானத்தை மட்டும் எடுத்துத் தன் விமானிகளை அமர்த்திக்கொண்டால் அது டிரை லீஸ்; அப்போது எடுத்தவரே இயக்குபவர். வெட் லீஸில் பொதுவாகக் கொடுத்தவரின் ஏஓசியின் கீழ்தான் விமானம் பறக்கும். இண்டிகோ 2023 இல் டெல்லியிலிருந்து இஸ்தான்புல்லுக்கு துருக்கி நிறுவனத்தின் போயிங் 777 விமானத்தை விமானிகளோடு எடுத்துப் பறக்கவிட்டது வெளிப்படையாகச் செய்யப்பட்ட இவ்வகை ஏற்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கோட்ஷேரை டிக்கெட் வாங்கும்போதே காணலாம். வெட் லீஸோ பல வேளைகளில் டிக்கெட் வாங்கிய பிறகு, சில சமயம் பயண நாளுக்குச் சற்று முன்புதான் முடிவாகிறது. அதனால்தான் பயணிக்கு அறிவிப்பது இங்கே இன்னும் முக்கியமாகிறது.

அறிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பா கற்றுக்கொண்ட விதம் மனத்தை உலுக்குவது. 2004 ஜனவரி 3 இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் நகரிலிருந்து புறப்பட்ட ஃபிளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் செங்கடலில் விழுந்து 148 பேர் இறந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சுற்றுலா முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குடும்பங்கள். சுற்றுலாத் தொகுப்பு வாங்கியவர்கள் அவர்கள். தங்கும் விடுதியும் விமானமும் சேர்த்து ஒரே விலை. விபத்துக்குப் பிறகு தெரிய வந்தது இது: பாதுகாப்புக் குறைகளுக்காக அதே நிறுவனத்தை 2002 இலேயே சுவிட்சர்லாந்து தன் வானிலிருந்து தடைசெய்திருந்தது. ஓர் எல்லைக்கு அந்தப் பக்கம் தடைசெய்யப்பட்ட நிறுவனம், இந்தப் பக்கம் குழந்தைகளோடு குடும்பங்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அதை அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. டிக்கெட் விற்பவன் என்ற முறையில், தெரியாமல் விற்ற முகவர்களின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வெனிசுவேலாவில் விழுந்த வெஸ்ட் கரீபியன் ஏர்வேஸ் விமானத்திலும் 160 பேர் இறந்தார்கள். அது மார்ட்டினிக் தீவின் பிரெஞ்சுக் குடிமக்களை ஏற்றிச் சென்ற வாடகை விமானம். 2005 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 2111 ஆம் எண் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. அது இரண்டு காரியங்களைச் செய்தது. பாதுகாப்பில் தேறாத நிறுவனங்களின் பட்டியலை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டது. முதற்பட்டியல் 2006 மார்ச்சில் வந்தது. அதோடு, டிக்கெட் விற்பவர் இயக்கும் நிறுவனத்தின் பெயரை முன்பதிவின்போதே சொல்ல வேண்டும், பிறகு மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும், மிகவும் கடைசியாகப் பார்த்தாலும் விமானத்தில் ஏறுவதற்கு முன்பாவது பயணிக்குத் தெரிய வேண்டும் என்று விதித்தது. டிக்கெட் எடுத்த பிறகு அந்த நிறுவனம் தடைப்பட்டியலில் சேர்ந்து பயணம் ரத்தானால், பணத்தைத் திரும்பக் கேட்கவோ வேறு வழியாகப் போகவோ பயணிக்கு உரிமை உண்டு. அந்தப் பட்டியல் இன்றும் அவ்வப்போது திருத்தப்படுகிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பாவுக்கே போகாதவர்களும் அதைப் பார்க்கலாம், நானும் பார்க்கிறேன்.

அமெரிக்கா இதே பாடத்தைத் தன் சொந்த மண்ணில் படித்தது. 2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறு விமானம் வீட்டின் மேல் விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். பயணிகள் வாங்கியிருந்த டிக்கெட் கான்டினென்டல் என்ற பெரிய பெயரில். பறந்தது கோல்கன் ஏர் என்ற சிறிய வட்டார நிறுவனம். விமானம் வேகம் இழந்து எச்சரித்தபோது விமானி செய்த தவறான எதிர்வினையே காரணம் என்று விசாரணை சொன்னது. பயிற்சியும் களைப்பும் பெரிய விவாதமாயின. இறந்தவர்களின் குடும்பங்கள் ஓயாமல் போராடியதன் பலனாக 2010 இல் வந்த சட்டம், விமானிகளின் தகுதியை உயர்த்தியதோடு, இணையத்தில் டிக்கெட் தேடும்போது முதலில் தோன்றும் பக்கத்திலேயே இயக்கும் நிறுவனத்தின் பெயர் தெரிய வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

மேற்பார்வை எவ்வளவு நேரடியாகக் கோட்ஷேரைத் தொடுகிறது என்பதை நம் நாடே அனுபவித்தது. 2019 நவம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகள் மலேசியாவின் மேற்பார்வைத் தரத்தை இரண்டாம் வகைக்கு இறக்கினார்கள். அது எந்த ஒரு விமான நிறுவனத்தின் மீதும் சொல்லப்பட்ட குறையன்று, ஒழுங்குமுறை அமைப்பின் மீது சொல்லப்பட்டது. இருந்தாலும் இரண்டாம் வகை நாட்டின் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாது. அமெரிக்க நிறுவனங்கள் அவற்றின் விமானங்களில் தம் குறியீட்டை வைக்கவும் முடியாது. 2022 அக்டோபரில்தான் முதல் வகை திரும்பக் கிடைத்தது. தன் பெயரை இன்னொருவர் விமானத்தில் வைப்பது என்பது அந்த விமானத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதற்குச் சமம் என்ற எண்ணம் இந்த விதிக்குள் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பல, பங்காளியாகச் சேர வருபவர் ஐயோசா என்ற அனைத்துலகப் பாதுகாப்புத் தணிக்கையில் தேறியிருக்க வேண்டும் என்று கேட்பதும் அதனால்தான். எந்த நிறுவனம் தேறியிருக்கிறது என்ற பதிவேடும் பொதுவில் கிடைக்கிறது.

சட்டப் பொறுப்பைப் பற்றி ஒரு சொல். மலேசியாவும் இந்தியாவும் சேர்ந்துள்ள 1999 ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கை, டிக்கெட் தந்த நிறுவனத்தை ஒப்பந்த நிறுவனம் என்றும் பறந்த நிறுவனத்தை உண்மையில் ஏற்றிச் சென்ற நிறுவனம் என்றும் பிரித்துச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் இருவரில் எவர்மீதும், அல்லது இருவர்மீதும் வழக்குத் தொடுக்கலாம். பெட்டி தொலைந்தாலும் இதே கதைதான். "அது எங்க விமானம் இல்லை, அவங்ககிட்ட கேளுங்க" என்று ஒரு கவுண்டரில் சொல்லி அனுப்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இனி டிக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். விமான எண்ணின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். மலாய் மொழிப் பக்கமாக இருந்தால் டிகெண்டாலிகான் ஓலே என்று தொடங்கும். "இன்னாரால் இயக்கப்படுகிறது" என்பது அதன் பொருள். அந்தச் சொற்களுக்குப் பின் வருவதுதான் நீங்கள் தேட வேண்டிய பெயர். விமான எண் நான்கு இலக்கமாக இருப்பது சில நிறுவனங்களில் கோட்ஷேரின் அறிகுறி, ஆனால் சொந்த விமானங்களுக்கே நான்கு இலக்க எண் வைக்கும் நிறுவனங்களும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சில இணையத்தளங்களில் விவரம் என்ற பொத்தானைத் தட்டினால்தான் அந்த வரி தெரியும். பணம் கட்டும் முன் தட்டிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் தொலைபேசியில் கேளுங்கள். முகவரிடம் வாங்கினால் அவரிடம் கேளுங்கள், அவர் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் இடையில் மாறியிருக்கலாம்.

பாதுகாப்போடு அன்றாடச் சிக்கல்களும் இந்த வரியைச் சுற்றியே வருகின்றன. செக் இன் கவுண்டர் பெரும்பாலும் இயக்கும் நிறுவனத்துடையது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் முனையம் 1, முனையம் 2 என்று இரண்டு இருப்பதால், பெரிய எழுத்தை மட்டும் பார்த்துத் தவறான முனையத்தில் இறங்கியவர்களை எனக்குத் தெரியும். விடியற்காலை ரயிலைப் பிடித்து இவ்வளவு தூரம் போய், முழங்கால் வலியோடு ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவது முதியவர்களுக்குச் சிறிய துன்பமன்று. எத்தனை கிலோ கொண்டுபோகலாம், சக்கர நாற்காலிக்கு யாரிடம் சொல்வது, சாப்பாடு உண்டா என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முறையீடு இருந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் சிஏஏஎம் இருக்கிறது. பயணிகளின் முறையீட்டைக் கவனித்துவந்த மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்ட் 1 முதல் அதனுடன் இணைந்துவிட்டது.

அந்த அம்மாவின் தாளில் இயக்கும் நிறுவனத்தின் பெயரையும் முனைய எண்ணையும் தமிழில் பெரிதாக எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "தம்பி, போறதுக்கு எழுதிக் குடுத்தீங்க, திரும்பி வர்றதும் இதே பிளேன்தானா?" என்று கேட்டார். தாளை வாங்கி இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். திரும்பும் பயணத்தை இயக்குவது வேறொரு நிறுவனம். அதையும் எழுதிக் கொடுத்தேன்.